நாப்பத்தி மூணாம் பக்கத்துலயே நின்னுட்டேன்

ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நாப்பத்தி மூணு பக்கம் முடிஞ்சும் பஸ்ஸு இருவத்தி ரெண்டாவது வளைவுலயே நின்னா எவளுக்குத்தான் மேல படிக்கத் தோணும்? கொல்லிமலை ரோட்டுல மொத்தம் எழுவது வளைவு. என் ஊட்டுக்காரரு வளைவுக்கு ரெண்டு பக்கம்னு எழுதி வெச்சிருந்தாரு. கதாநாயகன் பஸ்ஸை விட்டு எறங்கவே நூத்தி நாப்பது பக்கம் ஆகும். அதுக்கப்புறம்தான் கதையே. போதும்டா சாமின்னு மூடி வெச்சுட்டேன்.

என் பேரு பிரபாவதி. ஊட்டுக்காரரு கதிர்வேல், மலை மேல குண்டூர் நாட்டுல ஒரு சின்ன ஊருக்குப் போஸ்ட் மாஸ்டர். எங்க ஊட்டு முன்னறைதான் தபால் ஆபீஸு. எம்பத்தெட்டுல என்னைக் கட்டிக்கிட்டு அடிவாரத்துல இருந்து மேல கூட்டியாந்தாரு. நான் டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. வேலைவாய்ப்பு ஆபீஸுல பதிஞ்சு வெச்சுட்டு, இன்டர்வியூ கார்டு இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு பதிமூணு வருசமா உக்காந்திருந்தேன். எனக்கு அது ஒண்ணுதான் ஆசை. போன தை மாசம் வயசு முப்பத்தாறு ஆச்சு.

அந்தத் தை மாசம்தான் புஸ்தகமும் வந்துச்சு. ரெண்டு வருசமா நோட்டுல எழுதி, நாமக்கல்லுல முன்னூறு காப்பி அச்சடிச்சு, முதல் காப்பியை என் கையில கொடுத்தாரு. "கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறமா எங்கிட்டப் பேசு பிரபா"ன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியைக்கூடப் பார்க்காம ஆபீஸுக்குள்ள போயிட்டாரு. முதல் புஸ்தகமாச்சே, பயம்போலன்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

படிக்க முடியலீங்க. மூணு தடவை திறந்தேன். பாவம் மனுசன், ஆசை ஆசையா எழுதியிருக்காருன்னு ஒரு மனசு சொல்லும். அந்த நேரத்துல ஒரு படி மிளகு புடைச்சு வெச்சிரலாமேன்னு இன்னொரு மனசு சொல்லும். மிளகுதான் ஜெயிச்சுது. ஆனா அவரு கேட்டுட்டே இருப்பாரே! அதனால நடுவுல ஒரு பஸ் டிக்கெட்டை வெச்சு, தெனமும் இருவது பக்கம் நவுத்தி வெச்சேன். அவரும் அந்த டிக்கெட்டைத் திருட்டுத்தனமாப் பார்த்துக்கிட்டாரு.

கடைசிப் பக்கத்துக்கு டிக்கெட்டு போன அன்னைக்கு மத்தியானம், "முடிச்சுட்டேங்க"ன்னேன்.

"எல்லாத்தையுமா?"

"ஆமாங்க. ரொம்ப நல்லா இருக்குது. அழுகையே வந்துருச்சு." அழுகை வந்தது நெசம்தான், இருவத்தி ரெண்டாவது வளைவுல.

அந்த மனுசன் பொத்துன்னு கீழ உக்காந்து என் ரெண்டு காலையும் கட்டிக்கிட்டாரு. "நீ ஊட்டை விட்டே போயிருவேன்னு நெனச்சேன் பிரபா. இத்தனையும் படிச்சுட்டு நல்லா இருக்குங்கறியே! உன்ர மனசு யாருக்கு வரும்?"னு கொழந்தையாட்டம் அழுவறாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கதைக்குப் போயி எவனாச்சும் பொண்டாட்டி காலைப் பிடிப்பானா? அவரு மூஞ்சி கழுவப் போனதும் புஸ்தகத்தை எடுத்து எழுவதாவது வளைவுக்கு அப்பால பொரட்டினேன்.

நூத்தி எம்பத்தெட்டாம் பக்கம். தொண்ணூத்தொண்ணு, ஆடி மாசம், சோன்னு மழை. பஸ்ஸுல வந்த தபால் பையை பொண்டாட்டிக்காரி நனையாம முந்தானையில மூடித் தூக்கியாறா. போஸ்ட் மாஸ்டர் பையைப் பிரிக்கறான். உள்ளே அவ பேருக்கு இன்டர்வியூ கார்டு. 'இவள் கீழே வேலைக்குப் போய்விட்டால் எனக்கு யார் சோறாக்குவார்கள் என்று நினைத்தான். அவள் ஈரப்புடவை மாற்றப் போனதும் கார்டை அடுப்பில் போட்டான்.'

அய்யோ! அந்தப் பையைத் தூக்கியாந்தவ நானுங்க. மழைக்கு நான் நனைஞ்சேன், பை நனையலை. என்ர வேலையை நானே தூக்கியாந்து அந்த மேசை மேல வெச்சிருக்கறேன். அது எரிஞ்ச அடுப்புலயே அன்னைக்குச் சோறாக்கி, சூடா இருக்குதுங்களான்னு கேட்டுக் கேட்டுப் போட்டிருக்கறேன். தொண்ணூத்தேழுல வேலைவாய்ப்பு ஆபீஸுக்குப் பதிவை ரினீவல் பண்ணப் போனப்ப, "உங்களுக்குக் கார்டு எப்பவோ அனுப்பியாச்சேம்மா"ன்னு ஒரு கிளார்க்கு சொன்னாரு. "பொய் சொல்லாதய்யா, தபாலாபீஸே எங்க ஊட்லதான் இருக்குது"ன்னு அத்தனை பேரு முன்னாடி அவரைக் கிழிகிழின்னு கிழிச்சேன். எந்தத் தப்பும் பண்ணாத மனுசனுங்க அவரு.

துண்டுல மூஞ்சியைத் தொடைச்சுட்டு இவரு உள்ள வந்தாரு. "நான் படிக்கலீங்க"ன்னேன். "நாப்பத்தி மூணாம் பக்கத்தோட மூடிட்டேன். இதை இப்பத்தான் பார்த்தேன்."

"அப்ப, நல்லா இருக்குன்னியே?"

"பொய்யி."

"மிச்சத்தையும் படிச்சுரு சாமி. முடிவைப் படிச்சீன்னா உனக்கே புரியும்"னு கெஞ்சினாரு.

சரின்னு அவரு முன்னாடியே கடைசிப் பக்கத்தைச் சத்தமாப் படிச்சேன். போஸ்ட் மாஸ்டர் பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லி அழுவறான். '"விடுங்கள், உங்களுக்குச் சமைத்துப் போடுவதைவிட எனக்கு வேறென்ன வேலை வேண்டும்?" என்று அவள் அவன் கண்ணீரைத் துடைத்தாள். முற்றும்.'

கார்டை எரிச்சது ஒரு பக்கம் கெடக்கட்டும். மன்னிக்கறதா வேண்டாமான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலை. மன்னிச்சுட்டேன்னு அவனே எழுதி, முன்னூறு காப்பி அச்சடிச்சுட்டான்!

என்ர சர்ட்டிபிகேட்டை எல்லாம் மஞ்சப் பையில போட்டேன். புஸ்தகத்தை அவன் கையில திணிச்சேன். "இவ மன்னிச்சுட்டா. இனி இவளையே சோறாக்கிப் போடச் சொல்லு"ன்னுட்டு, சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்கக் கெளம்பிட்டேன்.