ஃபிலிமை உரித்த பிறகு

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னல் வழியாகக் கிடைத்தது. சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர், ஒரு காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிமை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி. அதற்குள் என் பேருந்து கிளம்பிவிட்டது. மீதியை இட்டுக்கட்டுவதுதான் என் பிழைப்பு.

2

முதல் தொடக்கம்: "வெயில் கொளுத்திக்கொண்டிருந்த அந்த மதிய வேளையில்..." வேண்டாம். நம் கதைகளில் பாதி வெயிலில் தொடங்குகின்றன, மீதி மழையில்.

இரண்டாவது: "கறுப்புக் கண்ணாடிக்குள் அந்தக் கடத்தல்காரன் மெல்லத் தன்..." இவனையும் இறக்கிவிட்டேன். அவனுக்கு வேறு எழுத்தாளர்கள் கிடைப்பார்கள்.

மூன்றாவதில் வண்டி ஓடுகிறது. அந்தப் பெண்ணின் கணவர் கார்களுக்கு ஃபிலிம் ஒட்டுபவர். ஃபிலிமுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் பட்டறையில் அவர் பெயரே குமிழி. உரித்த காவலர் அவளுடைய சொந்த அண்ணன்.

(தங்கை வீட்டுக் காரை அவருக்குத் தெரியாதா? தெரியும். உள்ளே இருப்பது மாப்பிள்ளை என்று நினைத்துத்தான் நிறுத்தினார். மாப்பிள்ளையை மடக்குவதில் உள்ள சுகம் உங்களுக்குத் தெரியாததா!)

3

அவள் கார் ஓட்டப் பழகிய புதிதில் வீட்டுக் கேட்டிலேயே இடித்தாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவ ஓட்டுறதா இருந்தா ஊரையே காலி பண்ணணும்!"

தெருவும் சேர்ந்து சிரித்தது. அதன் பிறகு அவள் சாவியைத் தொடவில்லை.

குமிழிக்கு ஆறுதல் சொல்ல வராது. கார் ஜன்னல் பூராவும் ஃபிலிம் ஒட்டினார்.

"இனி உள்ள யாருன்னே தெரியாது. எவ்வளவு வேணாலும் தப்பா ஓட்டு."

இதைவிட நல்ல காதல் வசனம் எனக்கு எழுத வராது. அவள் கறுப்புக்குள் உட்கார்ந்து அழுதாள், கியரைத் திட்டினாள், கற்றுக்கொண்டாள். உரிமம் வாங்கினாள். ஊரின் மறுகோடியில் வேலைக்கும் சேர்ந்தாள். குமிழிதான் கொண்டுபோய் விடுகிறார் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் கிளட்சில் கால் நடுங்கி வண்டி அணைந்துவிடும். யார் பார்க்கிறார்கள் என்ற தைரியத்தில் மறுபடி கிளப்புவாள்.

4 (சட்டம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

கதை நடக்கும் ஊரில் வெளிச்சத்தில் பாதியாவது கண்ணாடியைத் தாண்டி உள்ளே போக வேண்டும். குமிழி ஒட்டியது சரியாகப் பாதியை விடும் ஃபிலிம்தான். ஆனால் வெறும் கண்ணாடியும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும்; இரண்டும் சேர்ந்தால் பாதி தேறாது. ஊரார் வண்டிகளுக்கு இரண்டையும் சேர்த்து வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பவர், மனைவியின் வண்டிக்குப் பார்க்கவில்லை. அவளை மறுபடி அந்த இருக்கையில் பார்க்கும் அவசரம் அவருக்கு.

5

அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். "இறங்குங்க மாப்பிள்ளை!"

கண்ணாடிதான் இறங்கியது.

"நீயா? யாரு ஓட்டிட்டு வந்தா?"

"உள்ள வேற யாராச்சும் தெரியுறாங்களா?"

பின் ஜன்னலில் மீட்டரை வைத்தார். தேறவில்லை. பக்கத்தில் மேலதிகாரி. பிளேடை எடுத்து ஓரத்தைக் கிளறினார்.

"அண்ணா, என் பக்கம் மட்டுமாவது விடேன்."

"சட்டம்மா."

"அன்னைக்கு அப்படிச் சிரிச்சியே, அது எந்தச் சட்டம்?"

அவர் கை நின்றது. (இங்கே அவரைக் கண்கலங்க வைக்கலாமா என்று பார்த்தேன். பணியில் இருக்கிறார், விட்டுவிடுவோம்.) பிறகு கண்ணாடி கீறாமல் மீதியையும் உரித்தார்.

"நான் வேணா ஓட்டிட்டு வந்து விடவா?"

அவளுக்குப் பயம். அவமானம். நாலு பக்கமும் முகங்கள்.

"நகருண்ணா," என்றாள்.

6

முடிவு அ: சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில்... அடித்துவிட்டேன். "நகரு" என்றவள் இதைச் செய்ய மாட்டாள்.

முடிவு ஆ: சிக்னலே கைதட்டுகிறது. எனக்கே சகிக்கவில்லை.

அவள் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு மனதார ஆசை. ஆனால் நான் பேருந்தில் போய்விட்டேன்.

பச்சை விழுந்துவிட்டது. அவள் வண்டி குலுங்கி அணைந்துவிட்டது. கழுத்தில் வழியும் வியர்வை முதற்கொண்டு எல்லாம் வெளியே தெரிகிறது. சாவியைத் திருப்புகிறாள். அவளுக்கு நேர் பின்னால் நிற்பது உங்கள் கார். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

கையை ஏன் ஹாரன் மேல் வைத்திருக்கிறீர்கள்?