திரையை நேராகப் பார்க்கவும்

எனக்கு ஆன்லைன் கோர்ஸ்னா ஒரு கிறுக்கு. ஒரு பாடத்த முடிச்சா மஞ்சக் கலர்ல ஒரு நட்சத்திரம் சுத்திட்டு வரும் பாருங்க, அதுக்காகவே டீய ஆற விட்டுட்டு உக்காந்திருப்பேன். லைப்ரரில வேலை பாக்குற எல்லாரும் இந்த வருஷம் ஆன்லைன்ல பயிற்சி எடுத்து கடைசில பரீட்சை எழுதணும், இல்லன்னா அடுத்த வருஷம் வேலை கிடையாதுன்னு மேலிடத்துல இருந்து மெயில் வந்தப்ப எல்லாரும் பேதி மருந்து குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருந்தாங்க. நான் மட்டும் குதிச்சேன். இவளுக்கு மட்டும் மாப்பிள்ள கிடைச்ச மாதிரி இருக்குன்னு அண்ணி சொன்னாங்க.

அண்ணின்னா என் கூடப் பொறந்த அண்ணனோட பொண்டாட்டி. நாங்க ரெண்டு பேரும் ஒரே லைப்ரரி. அவங்க புத்தகம் குடுத்து வாங்குற கவுன்டர்ல பல வருஷமா இருக்காங்க. நான் கம்ப்யூட்டர் பக்கம், சேந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அண்ணன் சரக்கு லாரி ஓட்டுறான், மாசத்துல பாதி நாள் ரோட்டுலதான். அதனால வீட்டுலயும் நாங்க ரெண்டு பேரு, வேலையிலயும் நாங்க ரெண்டு பேரு. நாத்தனாரும் அண்ணியும் இவ்ளோ நேரம் ஒண்ணா இருந்தும் ஒருத்தர ஒருத்தர் கடிச்சிக்கலயேன்னு அண்ணனுக்கு ஆச்சரியம். கடிச்சிப்போம், அவன் வர்றப்ப நிறுத்திடுவோம்.

பயிற்சி எப்படின்னா, வீடியோல ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே பாடம் நடத்துவாரு. நாம ஓட விட்டுட்டு காய் நறுக்கப் போயிடுவோம்னு அவங்களுக்குத் தெரியும்ல, அதனால நடு நடுவுல திரைல ஒரு பெட்டி வரும். 'நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?' அப்படின்னு கேக்கும். 'இருக்கிறேன்'னு ஒரு பட்டன். அத அமுக்கலன்னா அந்தப் பாடம் கணக்குல வராது, மறுபடி மொதல்ல இருந்து பாக்கணும். நாங்க மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ரீடிங் ரூம் மூலைல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பாப்போம். எனக்கு நட்சத்திரமா கொட்டுது. அண்ணிக்கு ஒண்ணுகூட வரல. ஒரே பாடத்த திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்காங்க. தூங்குறாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் அவங்க திரைல பெட்டி வந்து நிக்குது, அவங்க கன்னத்துல கை வச்சு பாடத்தையே கேட்டுட்டு இருக்காங்க. அண்ணி, பெட்டி வந்திருக்கு, அமுக்குங்கன்னு இடிச்சேன்.

"எங்க?"ன்னாங்க.

நடுத்திரைல, சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு நிக்குது. எங்கன்னு கேக்குறாங்க. நான் சிரிக்கப் பாத்தேன், சிரிப்பு வரல. ஏன்னா அவங்க தலைய லேசா திருப்பி, திரையோட இடது மேல் மூலைய பாத்தாங்க, அப்புறம்தான் கரெக்டா பட்டனுக்கு மவுஸ கொண்டு போனாங்க.

அன்னைக்கு பஸ்ல வச்சுப் பிடுங்கிட்டேன் விஷயத்த. நான் வாயாடின்னு அவங்களே வச்ச பேரு, விடுவேனா. ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போயிட்டு இருக்காம். ஓரம் எல்லாம் நல்லா தெரியுமாம், எத நேரா பாக்குறாங்களோ அது மட்டும் காணாம போயிடுமாம். கண் டாக்டர் ஓரப்பார்வை நிக்கும், முழுசா இருட்டாகாது, ஆனா நடுவுல போனது திரும்பாது, மருந்தும் இல்லன்னு சொல்லிட்டாராம். யாருக்கும் தெரியாம தனியா போய் கேட்டுட்டு வந்திருக்காங்க. படிக்கணும்னா எழுத்த விட்டுட்டு அதுக்கு மேல எங்கயோ பாக்கணும், அப்பதான் எழுத்து ஓரத்துல வந்து மாட்டும். அப்படியே பழகிட்டாங்க.

எனக்கு அப்பதான் ஒண்ணு உறைச்சது. கொஞ்ச நாளாவே அண்ணி என்கிட்ட பேசுறப்ப என் காதையே பாப்பாங்க. என்ன அண்ணி, என் கம்மல் மேல கண்ணான்னு கிண்டல் பண்ணியிருக்கேன். காதப் பாத்தாதான் என் மூஞ்சி தெரியுமாம் அவங்களுக்கு.

அண்ணன்கிட்ட சொல்லலாம்னேன். கூடாதுன்னுட்டாங்க. வண்டி ஓட்டுறவன் இத நினைச்சிக்கிட்டு ஓட்டக் கூடாதாம். ஆபீஸ்ல சொல்லலாம்னேன். அதுக்கு அவங்க, பைண்டரையா எங்க இப்பன்னு மட்டும் கேட்டாங்க. எங்க லைப்ரரில கிழிஞ்ச புத்தகத்த எல்லாம் தைச்சு அட்டை போடுற ஒருத்தர் இருந்தாரு. போன வருஷம் கை நடுங்க ஆரம்பிச்சது. சாருக்கு நல்ல மனசு, அவரே எழுதி மருத்துவக் குழுவுக்கு அனுப்பி வச்சாரு, வேற லேசான வேலை குடுப்பாங்கன்னு. வேலைக்கு லாயக்கில்லன்னு பேப்பர் வந்துச்சு. மாலை போட்டு, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சார்னா எங்க லைப்ரரியன்தான், எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம்.

அப்புறம் நாங்க ஒரு ஏற்பாடு பண்ணோம். பெட்டி வந்தா நான் மேஜைக்கு அடில அவங்க கால மிதிப்பேன், அவங்க அமுக்குவாங்க. அண்ணிக்கும் நட்சத்திரம் கொட்ட ஆரம்பிச்சது. மெல்ல மிதிடி, பழி தீக்குறியான்னு ஒரு நாள் அண்ணி கத்தினதுல ரீடிங் ரூமே திரும்பிப் பாத்துச்சு. ஏழாவது பாடம் என்ன தெரியுமா? கண் தெரியாத, காது கேக்காத வாசகர்களுக்கு லைப்ரரி எப்படி உதவணும்னு. அந்தப் பாடத்துலதான் எழுத்து ரொம்பப் பொடிசு, அதுவும் சாம்பல் கலர். அண்ணி சிரிச்ச சிரிப்புல தண்ணி புரையேறிடுச்சு. அதுல ஒரு கேள்வி, பார்வை குறைஞ்ச ஒருத்தர் வந்தா மொதல்ல என்ன செய்வீங்கன்னு. பதில், என்ன உதவி வேணும்னு அவர்கிட்டயே கேக்கணும். அண்ணி அத கரெக்டா போட்டாங்க.

பரீட்சை வீட்டுலயே எழுதலாம். ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது, கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். நான் லேப்டாப்புல எழுத்த பெருசாக்கி, கருப்பு மேல வெள்ளையா மாத்தி, கதவ சாத்திட்டு வெளிய படிக்கட்டுல உக்காந்தேன். முடிச்சிட்டு வந்தவங்க, ஒழுங்கா எழுதிட்டேன்னு நினைக்கிறேன், போய் தண்ணி கொண்டான்னாங்க. மார்க் வந்துச்சு. என்னை விட அதிகம். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் எரிஞ்சுதுகூட. அன்னைக்கு ஹோட்டல்ல சாப்பிட்டோம்.

அந்த வாரமே மெயில். பரீட்சை நேரத்துல பார்வை தொடர்ந்து திரைய விட்டு விலகியிருக்கு, முறைகேடுன்னு சந்தேகம், முடிவ நிறுத்தி வச்சிருக்கோம், உங்க மேலதிகாரி விசாரிப்பாருன்னு. கூடவே விதி. முறைகேடு மொதல் தடவைன்னா மார்க் ரத்து, ஒரே ஒரு வாய்ப்பு, மறுபடி எழுதலாம். வேலைக்கு ஆபத்து இல்ல.

நான் பொங்கிட்டேன். டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்குவோம், ஏழாவது பாடத்த அவங்க மூஞ்சில விட்டெறிவோம், நம்ம ஊழியருக்கே செய்யலன்னா வாசகருக்கு என்னத்த செய்வீங்கன்னு கேப்போம்னு வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அண்ணி துணி மடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அது கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு எழுதின பாடம்னாங்க. நம்ம இந்தப் பக்கம்.

சரி, ஆனா நாளைக்கு சார் முன்னாடி உண்மையத்தானே சொல்லுவீங்கன்னு கேட்டேன். பாக்கலாம்னாங்க.

விசாரணை சார் ரூம்ல. வீடியோவ ஓட்டிக் காட்ட கம்ப்யூட்டர் ஆள் வேணும்னு என்னையே கூப்பிட்டாங்க, வேற யாரு இருக்கா. திரைல அண்ணி. எங்க வீட்டு சுவர், அண்ணியோட நல்ல புடவை. அவங்க கண்ணு ரெண்டும் இடது மேல் பக்கம் போகுது, நிக்குது, படிக்குது, பட்டன் அமுக்குறாங்க, மறுபடி மேல போகுது. பாக்க அச்சு அசல் பிட்டு அடிக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. விஷயம் தெரிஞ்ச எனக்கே அப்படி இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. சார் பாவம், வீடியோவ முழுசா பாக்கக்கூட இல்ல, மூக்குக் கண்ணாடிய கழட்டித் துடைச்சிக்கிட்டே இருந்தாரு.

"மேல என்னம்மா ஒட்டி வச்சிருந்தீங்க?"

அந்தச் சுவர்ல மேல ஒண்ணுமே கிடையாது. ஒரு ஆணி இருக்கு, அவ்ளோதான். நான் வாயத் தொறந்தேன். மேஜைக்கு அடில அண்ணி என் கால மிதிச்சாங்க. நல்லா அழுத்தி.

"பிட்டு சார்"ன்னாங்க. "பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்தேன்."

சார் கண்ணாடிய மேஜை மேல வச்சாரு. அப்புறம் அந்தப் பேப்பர் எங்கன்னு கேட்டாரு. கிழிச்சிப் போட்டுட்டேன்னு அண்ணி சொன்னாங்க. சார் மறுபடி கண்ணாடிய போட்டுக்கிட்டாரு. யானைக்கும் அடி சறுக்கும், ஆனா உங்ககிட்ட இத எதிர்பாக்கலம்மான்னாரு. அவரு அத கோவமா சொல்லியிருந்தா பரவால்ல. அண்ணி அவரோட காதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என் மூஞ்சியக்கூட பாக்க மாட்டேங்கறாளே, அவ்ளோ குத்த உணர்ச்சின்னு அவரு நினைச்சிருப்பாரு. அவங்க நல்லா பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க.

பஸ் ஸ்டாப்ல நான் பஸ் வர்ற பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன். அவங்களேதான் ஆரம்பிச்சாங்க.

"திருடின்னா ஒரு வாய்ப்பு தர்றாங்க, வாயாடி. குருடின்னா மாலை போட்டுடுவாங்க."



எங்க லைப்ரரில பிளேடுன்னு ஒரு ஆள் வருவாரு. பழைய வார இதழ் கட்டுல இருந்து படத்த எல்லாம் பிளேடால அறுத்து சட்டைக்குள்ள வச்சிட்டுப் போவாரு. பேப்பர் அறுபடுற சத்தம் கேட்டே அண்ணிதான் பிடிச்சாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி. கார்ட பிடுங்கி, எல்லார் முன்னாடியும் கூனிக் குறுக வச்சு அனுப்பினாங்க. தடை முடிஞ்சு திரும்ப வந்த ஆளு, இப்ப கவுன்டர்ல கைய ஊனி நிக்குறாரு. விஷயம் அதுக்குள்ள வாசல் வரைக்கும் போயிடுச்சு, எந்த ஆபீஸ்ல நிக்கும்.

"நான் பிளேடு, நீங்க பிட்டு. என் கார்ட எதுக்கும்மா பிடுங்குனீங்க?"

சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. அதுல ரெண்டு பேரு எங்க ஆளுங்க. அண்ணி அவரோட புத்தகத்துல தேதி முத்திரை குத்தி, தள்ளி வச்சாங்க. முத்திரை கட்டத்துக்கு வெளிய விழுந்திருந்துச்சு. அதப் பாத்து கை நடுங்குது பாருன்னு பின்னாடி ஒருத்தங்க முணுமுணுத்தாங்க. அந்த வாரத்துக்குள்ள பிட்டு மேடம்னு பேரே ஆயிடுச்சு. சாரும் அவங்கள கவுன்டர்ல இருந்து எடுத்து பின்னாடி பழைய பேப்பர் அறைக்கு மாத்திட்டாரு. தண்டனை இல்லம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்னாரு. அந்த அறைல ஒரே ஒரு பல்பு, அதுவும் விட்டு விட்டு எரியும். மத்தவங்களுக்கு அது தண்டனைதான். அண்ணிக்கு, ஓரத்துல மாட்டுற எழுத்தும் அந்த வெளிச்சத்துல மாட்டாது.

மறுபரீட்சைக்கு முன்னாடி 'நேர்மை'ன்னு ஒரு தனிப் பாடம் வேற பாக்கணும். அதுலயும் பெட்டி வரும். நான் காலால தட்டுவேன், அண்ணி அமுக்குவாங்க. இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன். அதுக்கும் ஒரு நட்சத்திரம் குடுத்தாங்க, அதே மஞ்சக் கலர்ல. எனக்கு அத பாக்கவே பிடிக்கல.

ஆனா பரீட்சைக்கு அதே கேமரா இருக்கே. அதுக்குத்தான் இப்ப தினமும் சாயங்காலம் பயிற்சி. விதிய நான் துருவித் துருவிப் படிச்சிட்டேன். கண்ணு சும்மா ஒரு தடவை விலகினா அது கண்டுக்காது, கொஞ்ச நேரம் அங்கயே நின்னாதான் குறிச்சு வைக்கும். அப்ப அண்ணி என்ன பண்ணணும்னா, திரைய நேரா பாக்கணும், அதாவது ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்கணும். சட்டுனு மேல போய் ரெண்டு வார்த்தைய பிடிக்கணும், உடனே திரும்பி வந்துடணும். தண்ணிக்குள்ள முங்கினவங்க மூச்சுக்கு மேல வந்துட்டு மறுபடி முங்குற மாதிரி. நாலு வரி கேள்விக்கு எத்தன முங்கு. நேரம் பத்துறதே இல்ல. பாடத்த எல்லாம் நான் சத்தமா படிக்கிறேன், அவங்க மனப்பாடம் பண்றாங்க, கேள்வில ரெண்டு வார்த்த கிடைச்சாலே பதில் சொல்ற அளவுக்கு. பாதி தடவை தப்பாகுது. முன்னாடி ஒழுங்கா படிச்சு எழுதினப்ப என்னை விட அதிகம் எடுத்தவங்க.

கேமரா வேலைய நான் பாக்குறேன். எதிர்ல உக்காந்து அவங்க கண்ணையே கவனிப்பேன். நின்னுச்சுன்னா 'விலகுது'ம்பேன். உடனே திரும்பிடுவாங்க. விலகுது அண்ணி. விலகுது. நேத்து இப்படியே சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்துல சொல்றத நிறுத்திட்டேன்.

ஏன்டி நிறுத்திட்ட, அழறியான்னு கேட்டாங்க.

இல்லன்னேன். அப்ப கரெக்டா இருக்கா, இப்ப நேரா இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு அண்ணி என் கண்ண நேருக்கு நேரா பாத்துக்கிட்டு இருந்தாங்க, இமைக்காம, ஒரு துளி அசையாம. என் கன்னத்துல வழியறது அவங்களுக்குத் தெரியல.

"நேரா இருக்கு அண்ணி"ன்னேன். "அப்படியே இருங்க."