ஓடாத பல் செட்

பல் டாக்டரான அவளுக்கு ஒரே ஒரு படம்தான் வேண்டியிருந்தது. கடலடி மணலில் குழி தோண்டிக் குடியிருக்கும் விரல் நீள மீன் ஒன்று உண்டு. அதில் அப்பா மீன்தான் முட்டைகளை வாய்க்குள் அடைத்துக் காக்கும். அது வாயைத் திறக்கும் நொடியில், முட்டைகளுக்குள் குஞ்சுகளின் கண்கள் வெள்ளிப் பொட்டுகளாக மின்னும்போது எடுக்க வேண்டும். தினமும் வாய் பார்த்தே பிழைப்பவளுக்கு அந்த வாயின் மேல்தான் ஆசை.

லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணவனிடம் விட்டாள். அவன் கேமரா ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். காதுப்பறையில் ஓட்டை இருந்ததால் தண்ணீருக்குள் இறங்க முடியாது. அவளோடு இறங்கி வெளிச்சம் பிடிப்பவன் ஒரு நீச்சல் பயிற்சியாளன். கணவன் அவனுக்கு மனதுக்குள் வைத்த பெயர் டார்ச்.

டார்ச்சைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் எரிச்சல். கடைக்கு வந்தால் "என்னண்ணே, சாப்பிட்டீங்களா" என்பான். இவன் அண்ணன் என்றால் அவள் அண்ணிதானே? அவளை மட்டும் "டாக்டர்" என்றான். அந்த ஒரு சொல் கணவனின் தொண்டையில் முள்ளாக நின்றது.

தேர்வு இரண்டு லென்ஸுகளுக்கு நடுவில். அறுபது எம்.எம். லென்ஸ் பொருளை மிக அருகில் போய்ப் பார்க்கும். முழு அளவில் படம் வேண்டுமானால் கண்ணாடிக்கும் மீனுக்கும் இடையே இரண்டு விரற்கடைதான் இருக்கும். நடுவில் தண்ணீர் குறைவு என்பதால் கலங்கலிலும் படம் தெளிவாக வரும். நூற்றைந்து எம்.எம். லென்ஸ் அதே அளவுப் படத்தை அரைச் சாண் தள்ளி நின்றே எடுத்துவிடும். ஆனால் அந்த அரைச் சாண் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் வெளிச்சம் பட்டுப் பளிச்சிடும். அதைத் தவிர்க்க, பக்கவாட்டில் தாழ்வாக யாராவது விளக்குப் பிடிக்க வேண்டும். தண்ணீருக்குள் லென்ஸ் மாற்ற முடியாது. கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்து ரப்பர் வளையத்தில் கிரீஸ் தடவி மூடினால் மூடியதுதான்.

இதையெல்லாம் அவன் பொறுமையாக விளக்கினான். விளக்கியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிளினிக்கிலிருந்து அவள் கொண்டுவந்த பிளாஸ்டர் பல் செட்டின் வாயில் ஜவ்வரிசியைத் திணித்து, மாவு கரைத்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து, இரண்டு லென்ஸாலும் எடுத்துக் காட்டினான். அறுபதில் ஒவ்வொரு ஜவ்வரிசியும் தனித்தனியாகத் தெரிந்தது. நூற்றைந்தில் பனி பெய்தது.

"அறுபதுதான். உன் லைட் ரெண்டையும் லென்ஸ் ஓரமா ஒட்டி வச்சுக்கலாம். வேற லைட்டுக்கு அவசியமே இல்ல" என்றான்.

பல் செட் ஓடாது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. இரண்டு விரற்கடை தூரத்தில் கண்ணாடி வந்தால் எந்த மீனும் குழிக்குள் போய்விடும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த இடைவெளியில் டார்ச் கையை நுழைக்க முடியாது என்பதும் தெரியும்.

அறுபதோடு அவர்கள் போன படகு திரும்பும்போது கணவன் துறையில் காத்திருந்தான். முகமூடியைக் கழற்றியதும் பேசத் தொடங்கியவள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. மீன் எட்டிப் பார்த்ததாம். கேமரா நெருங்கியதும் உள்ளே போய்விட்டதாம். அது பழகட்டும் என்று இருவரும் மணலில் குப்புறப் படுத்து, சிலிண்டரில் காற்று தீரும் மட்டும் காத்திருந்தார்களாம். விளக்குப் பிடிக்கும் வேலை இல்லாததால் டார்ச்சும் பக்கத்திலேயே தோளோடு தோளாகப் படுத்துவிட்டானாம். ஒரு அசைவு இல்லையாம். அப்படி ஒரு பொறுமையாம்.

நூற்றைந்தாக இருந்தால் மீன் எட்டிப் பார்த்ததுமே எடுத்துவிட்டு மேலே வந்திருக்கலாம். கணவன் வண்டியின் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். தோளோடு தோள் அவன் செலவிலேயே நடந்திருக்கிறது.

மறுநாள் கடையில் அவள் ஈரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போறதுக்கு முன்னாடியே அவரு நூத்தஞ்சுதான் சரின்னாரு. எங்க வீட்டுக்காரர் சொன்னா சரியா இருக்கும்னு வாயை அடைச்சுட்டேன்."

அவன் திருகாணியைத் தேடுவதுபோல் குனிந்தான்.

"மீன் ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"லைட் பிடிக்கிறவனுக்கு இடம் இருக்கக்கூடாதுன்னு நினைச்சேன்."

அவள் துணியை மடித்து வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் பல் செட்டை எடுத்து, வாயில் மறுபடி ஜவ்வரிசி திணித்துத் தரையில் வைத்தாள். "நூத்தஞ்சை மாட்டுங்க" என்றாள். குரல் கிளினிக்கில் பேசும் குரல்.

மாட்டினான். அவள் கடைத் தரையில் குப்புறப் படுத்தாள். அவன் கையில் ஒரு டார்ச் லைட்டோடு ஓரமாக உட்கார்ந்தான். மேலிருந்து அடித்தால் மேல்வரிசைப் பல்லின் நிழல் விழுந்து வாய் இருட்டாகவே இருந்தது.

"இன்னும் தாழ்வா. படுங்க. கிட்ட வாங்க."

"இவ்வளவு கிட்டயா?"

"நீங்கதானே எல்லாம் அளந்து சொல்லுவீங்க? அளந்து பாருங்க."

அவளுடைய முழங்கையை ஒட்டித் தன் முழங்கையை ஊன்றியபோதுதான் ஒளி பல்வரிசைக்குக் கீழே நுழைந்து ஜவ்வரிசி முழுவதையும் மின்ன வைத்தது. அதற்கு ஒரு விரல் தள்ளினாலும் இருட்டு. நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தான். வேறு இடமே இல்லை. கேமராவின் ஷட்டர் விழுந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். எழுந்து புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "இதை நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

அவன் போனை எடுத்து வைத்தான், மறுபடி எடுத்தான். டார்ச் முதல் மணியிலேயே "சொல்லுங்கண்ணே" என்றான். எங்கே படுக்க வேண்டும், எந்த உயரம், எந்தக் கோணம் என்று கணவன் ஒன்றுவிடாமல் விளக்கினான். முழங்கை என்ற சொல் வரும்போது மட்டும் தொண்டையைச் செருமினான்.

"புரிஞ்சுதுண்ணே. டாக்டர் எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"உங்க அண்ணி" என்றான் கணவன், "இடது பக்கம் படுப்பா."



"சரிண்ணே" என்றான் டார்ச்.