வாசலில் நின்ற பாட்டு

தாண்டவராயனுக்குக் காலை வேலை முடிந்தால் வலது தோளைத் தூக்க முடியாது. கோவளம் கரையில் படகு வந்து நின்றால், மீன் பெட்டியை ஐஸோடு தோளில் ஏற்றி, மணலில் கால் புதையப் புதைய நடந்து, ரோட்டில் நிற்கும் வண்டியில் இறக்குவது அவன் வேலை. வருஷக்கணக்காக ஏற்றியதில் அந்தத் தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போய், சட்டை போட்டால் ஒரு கை மட்டும் நீளமாகத் தெரியும். அந்தத் தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் மத்தியானத்தில் அவன் டிஜே பழகுவான்.

யூடியூபில் பாடம் எடுக்கிறவர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ஃபேடரைப் பூவைத் தொடுவதுபோலத் தொடச் சொல்வார். தாண்டவராயன் விரலில் மீன் செதில் காய்ந்திருக்கும். அதனாலென்ன, செதில் ஒட்டிய விரலும் விரல்தான்.

கன்ட்ரோலர் என்பது சீர்த்தட்டு அகலத்தில் ஒரு பெட்டி. கோவாவுக்கு மாறிப்போன ஒரு ரிசார்ட்டுக்காரப் பையன் கழித்துவிட்டதை இவன் வாங்கி வந்திருந்தான். இடது பக்கம் ஒரு சக்கரம், வலது பக்கம் ஒரு சக்கரம். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே தள்ளினால் சத்தம் ஏறுகிற, கீழே இழுத்தால் இறங்குகிற ஒரு ஃபேடர். ஒரு பாட்டு ஊருக்கு ஓடும்போது அடுத்ததை ஹெட்போனில் தனியாகக் கேட்டு, இரண்டின் அடியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, முதலாவதை இறக்கி இரண்டாவதை ஏற்ற வேண்டும். எங்கே ஒட்டுப் போட்டது என்று கேட்கிறவனுக்குத் தெரியக் கூடாது. கலை அவ்வளவுதான். சென்னையில் இதற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம்.

வேகத்தைத் தானே பொருத்திக் கொடுக்கிற பட்டன் ஒன்றும் பெட்டியில் உண்டு. தாண்டவராயன் அதைத் தொடமாட்டான், கௌரவக் குறைச்சல். மீன் பெட்டி தூக்க ஒரு மிஷின் வந்தால் வேண்டாமென்பானா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அவன் மனைவி எல்லம்மாள் ஈசிஆரில் ஒரு விடுதியில் ராத்திரியெல்லாம் படுக்கை விரிப்பு துவைத்துவிட்டு வந்து மத்தியானம் தூங்குகிறவள். அதனால் வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் மட்டும். பெட்டி வந்த நாளிலிருந்து அவன் போட்ட மிக்ஸிங் முழுக்க அவன் காதுக்குள்ளேயே நடந்து, அவன் காதுக்குள்ளேயே கைதட்டு வாங்கி முடிந்தது.

"சத்தமே இல்லாம தலைய ஆட்டிகினு கீறியே, பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்பாள் எல்லம்மாள்.

"கலைஞன்னு நெனப்பான்."

"கோயிலுக்குக் கூட்டினு போவச் சொல்லுவான்."

இப்படி இருக்கும்போதுதான் அவன் அக்கா வச்சலாவின் மகள் அனு பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தார்கள். மற்ற வீட்டில் இது சோற்றுக்கும் பந்தலுக்கும் உள்ள கவலை. வச்சலா வீட்டில் கவலை வேறு, அவளுக்கும் தாண்டவராயனுக்கும் அண்ணனான வரதன்.

வரதன்தான் மூத்த தாய்மாமன். முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர். வச்சலா புது வீடு கட்டிக் குடிபோனபோது அவள் புருஷன் பார்த்திபன் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். "வெத்தலபாக்கோட வந்தாத்தான் பத்திரிகை. போன்ல வந்தா அது ரீசார்ஜ் மெசேஜு" என்று சொல்லிவிட்டு வரதன் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கையோடு ஒரு வார்த்தையும் இல்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் பெண்ணை மணையில் உட்காரவைத்தால் குப்பத்தில் என்ன பேசுவார்கள் என்பது ஒரு பக்கம். அண்ணன் இல்லாமல் மூன்று பொங்கல் போனது வச்சலாவுக்கு நெஞ்சில் முள்.

இந்த முறை புருஷனும் பெண்டாட்டியும் தட்டில் வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறி முட்டுக்காடு போனார்கள். வரதன் தட்டை வாங்கிக்கொண்டார். கூடவே ஒன்று சொன்னார்: "அண்ணன் தங்கச்சிப் பாட்டு ஒண்ணு கீதே, அது ஓடச்சொல்லத்தான் உள்ள வருவேன். நான் கால் எடுத்து வெச்சு, புள்ளைக்கு மாலை போடற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. நின்னுச்சு, அப்டியே திரும்பிடுவேன்."

தெருவில் சீர் வரும்போது மேளம் நிற்கக் கூடாது என்பது எல்லாக் குப்பத்திலும் உள்ளதுதான். நின்றால் வருகிறவனை வேண்டாமென்று சொன்ன மாதிரி. வரதன் அதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே.

வச்சலா மேளக்காரருக்குச் சொல்லப் போனாள். தாண்டவராயன் மறித்தான்.

"அக்கா, நானும் தாய்மாமன்தானே. சீர்னு நான் இன்னா வெக்கறது? பாட்டு நான் போடறேன். அதான் என் சீரு."

"டேய், இது வெளையாட்டு இல்லடா. அண்ணாத்த வருது."

"அண்ணாத்தக்குத்தான் சொல்றேன். அந்தப் பாட்டையே போடறேன். ஆனா சும்மா போடமாட்டேன். வாசல்ல கால் வெக்கச்சொல்ல அப்டியே ஒரு குத்துக்குத் தூக்குவேன் பாரு, கோவளமே திரும்பிப் பாக்கும்."

"கோவளம் திரும்ப வோணாம். அண்ணாத்த திரும்பாம இருந்தாப் போதும்."

முழுப் பாட்டைப் போட அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுகிறவன் டிஜே இல்லை, டேப் ரெக்கார்டர் என்று யூடியூப்காரர் சொல்லியிருக்கிறார். அண்ணன் சொன்னதைவிட அது பெரிய வாக்கு. தங்கச்சிப் பாட்டுக்கு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு அடி. அதன் இரட்டிப்பு நூற்றைம்பத்தாறு. பெட்டியோடு மாட்டிய லேப்டாப்பில் நூற்றைம்பத்தாறு உள்ள பாட்டைத் தேடினான். ஒரு கானா கிடைத்தது. சக்கரத்தைத் திருகித் திருகி, இரண்டையும் ஒட்டவைத்து, ஹெட்போனில் கேட்டு, மத்தியானம் மத்தியானமாகத் தானே தொடையைத் தட்டிக்கொண்டான். எண் பொருந்தியதா என்று பார்த்தவன், அது எந்த வீட்டில் போடுகிற பாட்டு என்று பார்க்கவில்லை.

விசேஷத்தன்று காலையில் தெருவை அடைத்துப் பந்தல். மைக் செட்டுக்காரர் ஆளுயர ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டு, மைக்கை ஒரு முறை ஊதிப் பார்த்துவிட்டு, நாஸ்தாவுக்குப் போய்விட்டார். தாண்டவராயன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நின்றான். முதல் முறையாக ஸ்பீக்கரில் தன் பாட்டைக் கேட்டதில் அவனுக்குப் புல்லரித்தது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை அலறியது.

தெருமுனையில் வெடி வெடித்தது. சீர் வந்துவிட்டது. பெண்கள் தட்டுகளோடு முன்னால். பின்னால் வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு வரதன். முகத்தில் மூன்று வருஷ விறைப்பு. தங்கச்சிப் பாட்டு தெருவெல்லாம் ஓடியது. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற வச்சலா அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். பாட்டு அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

கன்ட்ரோலரில் ஹெட்போனுக்கென்று ஒரு திருகு உண்டு. நடுவில் இருந்தால் ஊருக்கு ஓடுகிறதும் அடுத்ததும் சேர்ந்து காதில் விழும். ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் அடுத்த பாட்டு மட்டும் விழும், அதன் ஃபேடர் அடிமட்டத்தில் கிடந்தாலும் விழும். வீட்டில் அமைதி, அதனால் அவன் அதைத் தொட்டதே இல்லை. இங்கே வெடிச்சத்தத்தில் கானா சரியாகக் கேட்கவில்லை. முழுக்கத் திருப்பினான். நன்றாகக் கேட்டது. அடி அடியோடு ஒட்டியது. தங்கச்சிப் பாட்டை மெல்ல, பூவைத் தொடுவதுபோல, இறக்கினான். கானா காதில் முழங்கியது. ஏற்ற மறந்த அதன் ஃபேடர் கீழேயே கிடந்தது.

வரதன் பந்தல் வாசலில் காலைத் தூக்கிய நேரம், தெரு ஊமையானது.

"இருங்க, இருங்க. இப்பத்தான் மேட்டரே. டிராப்பு வரும்" என்றான் பார்த்திபன். மச்சான் தாண்டவராயன் சொல்லிவைத்திருந்ததை அவன் நம்பியிருந்தான். எல்லோரும் அந்த டிராப்புக்காக, ஒரு நொடி நிறுத்தி ஓங்கி விழப்போகும் அடிக்காக, காத்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. தாண்டவராயன் கண்ணை மூடி, ஒரு கையை வானத்தில் நீட்டி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வலி எடுத்த தோள் அன்றைக்குப் பார்த்து நன்றாக எழும்பியது.

வரதன் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார்.

"இன்னா, கரண்டு போச்சா?"

அவரே பந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபேனு சுத்துது. லைட்டு எரியுது. கரண்டு கீது. அப்போ எனக்குத்தான் பாட்டு இல்ல."

"அண்ணாத்த, ஐயோ, அப்டியில்ல" என்று வச்சலா ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். "டேய் தாண்டவா!"

தாண்டவாவுக்குக் கேட்கவில்லை. அவன் உலகம் அமோகமாக இருந்தது. எல்லம்மாள்தான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய், ஹெட்போனைத் தலையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னாடி, நல்லாப் போய்கினு கீற நேரத்துல..."

"உனக்குள்ள போய்கினு கீது. வெளிய இன்னா கீதுன்னு பாரு."

பார்த்தான். பயத்தில் கைக்குக் கிடைத்த ஃபேடரை மேலே தள்ளினான், முழுக்க. மீன் பெட்டியைத் தள்ளுகிற தள்ளு.

கானாவில் பந்தல் அதிர்ந்தது. அடி விழுந்த உடனே கிழவிகள் காதைப் பொத்தினார்கள். பாடை தூக்கும்போது, பூவை வாரி ரோட்டில் இறைத்துக்கொண்டு போகும்போது அடிக்கிற அடி. போய்விட்டாயே என்று ஒருத்தன் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தான்.

எல்லம்மாள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி அமைதி.

வரதன் மாலையைப் பார்த்தார்.

"இது புள்ளைக்குன்னு எடுத்தாந்தேன். எனக்கே போட்டுக்கலாம் போலக் கீது. பாடைய எங்கடா வெச்சுகீற?"

"அண்ணாத்த... நூத்தியம்பத்தாறு... சரியாப் பொருந்திச்சு..." என்றான் தாண்டவராயன்.

"பொருந்திச்சா? யாருக்குடா பொருந்திச்சு?"

வரதன் திரும்பி நடந்தார். தட்டு ஏந்திய பெண்களும் திரும்பினார்கள். வச்சலா அவர் கையைப் பிடித்தாள். "உள்ள வந்துட்டு என்னை ரெண்டு அறை அறஞ்சுட்டுப் போ அண்ணாத்த. வராம போவாத. மூணு வருஷம் பத்தாதா?" என்றாள். அவர் கையை உதறவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நடுத்தெருவில் நின்றார். மணையில் உட்கார்ந்திருந்த அனு கழுத்தை நீட்டி வெளியே பார்த்துவிட்டு, "பெரிய மாமா, கால் மரத்துப்போச்சு, சீக்கிரம் வா" என்று கத்தினாள். சிரிக்கக் கூடாத இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். வரதன் உதடும் ஓரத்தில் கொஞ்சம் இளகியது.

"பாட்டு?" என்றார்.

தாண்டவராயன் பெட்டியைத் தொடப் போனான். "கைய வெச்சே, ஒடச்சுடுவேன்" என்றாள் எல்லம்மாள். தன் போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்து, மைக்கின் வாயில் போனை வைத்துப் பிடித்தாள். கரகரவென்று, மழைக்கால ரேடியோ மாதிரி, தங்கச்சிப் பாட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. வரதன் நடந்தார். வாசலுக்கு வந்து காலைத் தூக்கினார். பாட்டு நின்றது. ஒரு பெண்குரல் மிகவும் அன்பாக, மூட்டுவலிக்கு ஒரு தைலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

"விளம்பரம் மாமா! இதோ முடிஞ்சுரும், தோ முடிஞ்சுரும்" என்றாள் எல்லம்மாள், அழாத குறையாக.

வரதன் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. பின்னாலும் வைக்கவில்லை. பார்த்திபன் தோளைப் பிடித்துக்கொண்டு, மூட்டுவலிக்காரி பேசி முடிக்கும் வரை கொக்கு மாதிரி நின்றார். பாட்டு வந்ததும் காலை உள்ளே வைத்தார். வச்சலா ஆரத்தி சுற்றிய வேகத்தில் குங்குமத் தண்ணீர் அவர் வேட்டியில் தெறித்தது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் சிக்னல் போய்ப் பாட்டு அறுந்தது. அதற்குள் அவர் மாலையைப் போட்டுவிட்டிருந்தார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

பந்தியில் வச்சலாவே அண்ணனுக்குப் பரிமாறினாள். அவரும் பேசினார். குழம்பில் உப்பு கம்மி என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் குறை. வச்சலா அதைப் பாராட்டு மாதிரி வாங்கிக்கொண்டாள். பார்த்திபனுக்கும் ஒரு தலையசைப்பு கிடைத்தது. தம்பி வாளியோடு வந்தபோது மட்டும் வரதன் இலையைக் கையால் மறைத்தார்.

"அண்ணாத்த, கொஞ்சம் ரசம்..."

வரதன் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். "அவன்கிட்ட சொல்லுங்க. அவன் கையால எனக்கு ரசம் வோணாம். சீர் வெக்கறேன்னு சொன்னான் இல்ல, அத மொதல்ல வெக்கட்டும்."

தாண்டவராயன் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தான். தோள் மறுபடி இறங்கியிருந்தது. சொன்ன சீர் இன்னும் வைத்தபாடில்லை. அண்ணன் வரதனுக்கு அவன் தரவேண்டியது ஒரு பாட்டு, முழுசாக.