நாற்பது தட்டு நாற்று

அந்த வீட்டில் பண்ணையைப் பெரிதாக்கும் திட்டம் ஆளுக்கு ஒன்று இருந்தது. பக்கத்து நாலு ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். பெரிய டிராக்டர் வந்தால்தான் விடிவு என்றான் அண்ணன். இருக்கிற மூன்று ஏக்கரில் அதைத் திருப்ப இடம் ஏது என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும். காய்களைக் கழுவி, நறுக்கி, பையில் போட்டு ஓட்டல்களுக்கு அனுப்பலாம் என்றாள் அண்ணி. அம்மாவுக்கு எந்தக் கேள்விக்கும் இன்னும் இரண்டு பசுமாடுதான் பதில்.

ஐந்தாவது திட்டம் சின்னதுடையது. இருபத்தொன்பது வயதாகியும் கடைக்குட்டிக்கு வீட்டில் அதுதான் பெயர். நிலத்தில் ஓர் அங்குலம்கூடக் கூட்டாமல், வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்துச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு விற்கலாம் என்றாள். நாற்று விட எங்களுக்குத் தெரியாதா என்று அப்பா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அதே வாரம் நகரத்து விதைக் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்கான கடிதம் வந்து தொலைத்தது.

சாப்பாட்டு மேஜையில் முடிவானது. நாற்பது தட்டு போட்டுப் பார்க்கட்டும். இருபத்தைந்து நாளில் நாற்று தேறினால் அவள் இருப்பாள், பண்ணை அவள் வழியில் வளரும். தேறாவிட்டால் அடுத்து வரும் திங்கட்கிழமை நகரத்தில் வேலையில் சேர்ந்துவிடுவாள். அந்த மேஜையில் சொன்ன சொல்லை அந்தக் குடும்பத்தில் யாரும் மாற்றியது கிடையாது. அதனால் என்ன, போகட்டுமே, நல்ல வேலைதானே என்று நாலு பேரும் சொல்லிவைத்த மாதிரி சொன்னார்கள். அதுதான் அவளைச் சுட்டது. போகாதே என்று ஒப்புக்குக்கூட ஒருவர் சொல்லவில்லை. அவளுக்கோ அந்த மண்ணை விட்டுப் போக மனமே இல்லை.

தினமும் காலையில் ஒரே ஒரு தடவை, பூவாளியால், அளந்து தண்ணீர் விட்டாள். பதினைந்து நாள் வரை நாற்றுகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன. பதினாறாம் நாள் ஒரு தட்டு சாய்ந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூலாக இளைத்துப் போயிருந்தது. மறுநாள் ஆறு தட்டு. இருபதாம் நாளுக்குள் முப்பது. குழியிலிருந்து மண்ணை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. காலையில் அளவாக விட்ட தண்ணீர் மத்தியானத்தில் எப்படிச் சொட்டும்? யாரோ உள்ளே புகுந்து வேலையைக் காட்டுகிறார்கள். டிராக்டர் ஆசை பிடித்த அண்ணனைத் தவிர வேறு யாராக இருக்கும் என்று மனதுக்குள் அவனைக் கரித்துக் கொட்டினாள்.

கையும் களவுமாகப் பிடித்தே ஆக வேண்டும். மறுநாள் மத்தியானம், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நிழல்வலைக்குள் உர மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்தது அம்மா, கையில் சொம்போடு. வெயிலில் வாடிப்போறீங்களே கண்ணுங்களா என்று கொஞ்சிக்கொண்டே ஊற்றிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் அண்ணி தெளிப்பானோடு வந்து, ஒரு தட்டு விடாமல் நனைத்தாள். அடுத்து அண்ணன் வந்தான். இதோ திருடன் என்று சின்னது எழப் போனாள். அவனோ பூவாளியைச் சாய்த்துக்கொண்டே, எழுந்திருங்கடா, மானத்தை வாங்காதீங்க என்று நாற்றுகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் திரும்பினால், வாசலில் அப்பா. கையில் வாளி நிறையத் தண்ணீர்.

கயிறு தேடி வந்ததாக அப்பா சொன்னார். தானும் கயிறுதான் தேடுவதாக அண்ணன் சொன்னான். வாளியிலும் பூவாளியிலும் கயிறு தேடுகிற குடும்பம் உலகத்தில் அது ஒன்றுதான்.

சின்னது எழுந்து நின்றாள். இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் அம்மாவும் அண்ணியும் ஓடி வந்து, விஷயம் புரிந்ததும் அவர்களும் அசடு வழிந்தார்கள். முதல் வாரத்திலிருந்தே தினமும் ஆளுக்கு ஒரு தடவை ஊற்றியிருக்கிறார்கள். வாட வாட இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் ஊற்றுவது தெரியாது.

"இப்படியா ஊத்துவீங்க? தண்ணி குடிச்சே செத்துப்போச்சு எல்லாம்."

"இது வாடினா நீ போயிடுவியேடி," என்றாள் அம்மா.

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

அவளுக்குக் கிடைத்த நல்ல வேலையைத் தாங்கள் கெடுத்ததாக இருக்கக் கூடாது என்று நாலு பேரும் தனித்தனியாக நினைத்தார்களாம். அண்ணிதான் இதைப் போட்டு உடைத்தாள். கோபப்படவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் சின்னது நின்றாள்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். சாய்ந்து கிடந்த தட்டுகளைக் கடைசி வரிசை வரை பார்த்துவிட்டு வந்தார்.

"மேஜையில சொன்னது சொன்னதுதான். நாத்து தேறல. திங்கட்கிழமை நீ வேலையில சேர்ந்துதான் ஆகணும்."

சின்னது குனிந்து, சாய்ந்து கிடந்த ஒரு தட்டைக் கையில் எடுத்தாள். அப்பா தொடர்ந்தார்.

"காலையில ஆறு மணிக்கு இங்க வந்துடு. புதுசா நாப்பது தட்டு போடணும். எப்போ தண்ணி ஊத்தணும்னு எங்க நாலு பேருக்கும் ஒழுங்கா சொல்லித் தரணும். அதான் வேலை."

ஐந்தரைக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள் சின்னது. அழுகை விடவில்லை.