கம்பி வைக்காத பல் செட்

“கம்பி எங்கம்மா?”

“வைக்கல பாய்.”

“ஏன்?”

“சிரிச்சா மின்னும். பார்க்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா தலையா போயிடும்? இங்க பாரு, கம்பி பிடிமானத்துக்கு மட்டும் இல்ல. ஜித்தாவுல நான் வேலை பார்த்த லேப்ல ஒரு கேஸு. தூக்கத்துல ஒரு ஆளு செட்டை முழுங்கிட்டான். எக்ஸ்ரேல கம்பி மட்டும்தான் தெரிஞ்சுது. பிளாஸ்டிக் துளிகூடத் தெரியல. அந்தக் கம்பியை வச்சுத்தான் இடத்தைக் கண்டுபுடிச்சு எடுத்தாங்க.”

“நான் என்ன முழுங்கவா போறேன், பாய்?”

“வாயாடி. சரி, ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுட்டுத் தூங்கு. அதையாவது செய்.”

“செய்றேன் பாய்.”

ஐந்து மாதங்களுக்கு முன்பு, பெரம்பலூரில் ஒரு மாடியில் இருக்கும் பல் லேபில், அதன் முதலாளி ஜமால் முகமதுவும் அங்கே வேலை பார்க்கும் பிரவீணாவும் பேசிக்கொண்டது இது. இப்போது அரியலூரில் தன் வாடகை வீட்டுச் சமையலறையில் நின்றபடி, அந்தப் பேச்சை அவள் ஒரு வார்த்தை விடாமல் நினைத்துக்கொண்டிருந்தாள். நாக்கு, மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தது.

கண் விழித்தபோதே செட் வாயில் இல்லை. தலையணை உறையைக் கழற்றினாள். போர்வையை உதறினாள். கட்டிலுக்கு அடியில் படுத்துத் துழாவினாள். அப்புறம் எச்சில் விழுங்கினாள். கழுத்துக் குழிக்குக் கீழே ஏதோ குத்தியது.

பதினான்கு வயதில் அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்ததில் போன பற்கள் அவை. பெண் பார்க்க வந்த அன்று அம்மா ஆண்டாயி, “எதையும் சொல்லித் தொலைக்காதே, நல்ல இடம்” என்று காதைக் கடித்தாள். பழைய செட்டில் கம்பி தெரியும் என்பதால், கல்யாணத்துக்காகப் பிரவீணா தனக்குத்தானே புதிதாக ஒன்று செய்துகொண்டாள். மெழுகில் இரண்டு பல்லையும் வைத்து, அச்சில் அடைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் மாவை அழுத்தி, கொதிநீரில் வேகவைத்தாள். பேச்சு குழறக்கூடாது என்று அண்ணத்துப் பக்கம் மோட்டாரில் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தாள். முடிந்தபோது இரண்டு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது. அவள் செய்ததிலேயே அழகான செட். விழுங்கக்கூடிய அளவுக்குச் செய்திருக்கிறோம் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

சிமெண்ட் ஆலையில் கணவன் அறிவரசனுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் மட்டும் அவள் அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத் தூங்குவாள். மற்ற வாரங்களில் வாயிலேயே இருக்கும். ஒரு மாதமாகவே அது ஆடிக்கொண்டிருந்தது. ஊரார் செட்டையெல்லாம் இறுக்கிக் கொடுப்பவள், தன்னுடையதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு வந்தாள்.

“என்ன, துண்டால வாயை மூடிக்கிட்டு நிக்கறே? கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?”

அறிவரசன் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தான்.

“முள்ளு” என்றாள் துண்டுக்குள்ளிருந்து. “மீன் முள்ளு மாட்டிக்கிச்சு.”

“நேத்து கெண்டைத் தலையை எனக்குக் குடுடின்னு கெஞ்சினேன். குடுத்தியா? அதான் அனுபவிக்கறே. இரு, ஒரு நிமிஷத்துல இறக்கிடறேன்.”

குடத்தை இறக்கிவிட்டுப் பழைய சோற்றைப் பிழிந்தான். எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டி நீட்டினான். “மெல்லாதே. அப்படியே முழுங்கு. முள்ளு அதோட போயிடும்.”

வேண்டாம் என்று தலையாட்டினாள். “சின்னப் புள்ளை மாதிரி அடம் புடிக்காதே பிரவீ” என்று தோளைத் தொட்டான். அந்த முகத்தில் இருந்த அக்கறை அவளைப் பயமுறுத்தியது. எதைச் சொல்லி மறுப்பது? சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டை விலக்கி, உருண்டையை வாயில் போட்டு விழுங்கினாள்.

உருண்டை எதன் மேலேயோ போய் இடித்தது. குத்திய இடம் இன்னும் கீழே நகர்ந்தது. மூச்சு நின்று, கண் பிதுங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தியில் சோறு வந்தது. எச்சிலில் சிவப்புக் கோடு. சோறு மட்டும்தான் வந்தது.

அறிவரசனின் சிரிப்பு அடங்கிப்போனது. “கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

சுண்ணாம்புக்கல் லாரிகள் குதறிப்போட்ட ரோட்டில் பைக் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது அவள் கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். கழுத்துக்குள் போன ஒன்றை வெளியே இருந்து பிடித்துவிட முடியும் என்பதுபோல.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறிவரசன் சீட்டுப் போட வரிசையில் நின்றபோது, டாக்டர் டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தார்.

“முன்பல்லு எப்பம்மா போச்சு?”

“சின்ன வயசுலங்க சார்.”

அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தாள். வந்தால் சொல்லிவிடலாம். அவரோ, “முள்ளுதானே? ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்” என்று எழுதிக் கொடுத்தார். வெளியே கணவனின் குரல் கேட்டது. அவள் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

படம் வந்தது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒண்ணும் இல்ல. முள்ளு கீறிட்டு இறங்கியிருக்கும். ரெண்டு நாள் வலி இருக்கும். சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க.”

அறிவரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “பார்த்தியா? ஒண்ணும் இல்லையாம்! வா, கிளப்புல சூடா ரெண்டு இட்லி சாப்பிடலாம்.”

பிரவீணா படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கழுத்தெலும்புகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. தாலிக்கயிற்றில் கழற்ற மறந்த ஊக்கு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நாலணா பெறாத ஊக்கு. அதற்குச் சற்றுத் தள்ளி எங்கோதான் அவளுடைய இரண்டு பற்களும் இருக்கின்றன. அந்த இடம் வெறும் இருட்டாக, சுத்தமாக இருந்தது. ஒரு துண்டுக் கம்பி வைத்திருந்தால் இந்நேரம் டாக்டர் எழுந்து நின்றிருப்பார்.

இட்லி. இன்னொரு உருண்டை. இன்னும் கீழே.

“என்னங்க” என்றாள். “உட்காருங்க.”

“என்ன பிரவீ?”

துண்டை எடுத்தாள். ஐந்து மாதத்தில் அவன் ஒருநாளும் பார்க்காத வாயோடு அவன் எதிரில் நின்றாள்.

“முள்ளு இல்லைங்க. பல்லு. நான் போட்டிருந்த பல் செட்டு. நானே செஞ்சது. பிளாஸ்டிக், படத்துல தெரியாது. உள்ளதாங்க இருக்கு. பயமா இருக்குங்க.”

பற்கள் இல்லாததால் ஒவ்வொரு வார்த்தையோடும் காற்றும் சேர்ந்து வந்தது. அவன் அவள் வாயைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி கழுத்தைப் பார்த்தான்.

“உருண்டை புடிச்சுக் குடுத்தேனே” என்றான். “அதையுமா முழுங்கினே? நான் சொன்னேன்னு?”

பதிலுக்குக் காத்திராமல் ஓடிப்போய் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. திருச்சிக்குப் போக வேண்டும், தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து எடுக்க வேண்டும், அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது, பேசவும் வேண்டாம் என்றார் டாக்டர். அவர் கை அவசரமாகக் கடிதம் எழுதியதைப் பார்த்தபோது பிரவீணாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. வாடகைக் கார் வந்தது.

“வேகமா போங்கண்ணே” என்றான் அறிவரசன். அடுத்த பள்ளத்திலேயே, “மெதுவாண்ணே, மெதுவா” என்றான். அவள் கையைப் பிடித்தவன் விடவே இல்லை.

“வாயைக் கையால மறைச்சுக்கிட்டே சிரிப்பியே” என்றான் சின்னக் குரலில். “வெட்கம்னு நினைச்சேன்டி.”

அவள் எச்சிலை விழுங்காமல் துண்டில் துப்பினாள். மருதையாற்றுப் பாலம் போனது. திருச்சியில் குழாய்க்கு அது அகப்படுமா, அதற்குள் எங்கேயாவது கிழித்துவிடுமா என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ ராத்திரிகள் நாக்கின் நுனி வரை வந்து திரும்பிப்போன கேள்வி ஒன்று மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

“என்னங்க.”

“பேசாதேன்னாருல்ல.”

“ஒண்ணே ஒண்ணு. நல்லபடியா வூட்டுக்குத் திரும்பி வந்தா...” மூச்சு வாங்கினாள். “கட்டில் பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வச்சுக்கறேங்க. ராத்திரி பல்லைக் கழட்டி அதுல போட்டுட்டு, இதே மாதிரி பொக்கை வாயோட உங்க பக்கத்துல தூங்கட்டுமா?”