மேல்மாடிக் கடிகாரம்

கம்ப்யூட்டரம்மா தமிழில் மட்டும் கத்தியிருந்தால் விஷயம் இரண்டு வீட்டோடு போயிருக்கும். அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் மேல்மாடியில் கட்டடத்துச் சொந்தக்காரரான அவரும், நடுமாடியில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டியும்தான். ஆனால் அவர் நாற்பது வருஷம் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

"நம்பித்தானே வீட்டுச் சாவியை உன் கையில குடுத்துட்டுப் போனேன்? என் வீட்டுக்காரரோட கேமரா எங்கம்மா போச்சு?" என்று மாடிப்படியில் நின்று தமிழில் கேட்டார். அதே கேள்வியை இந்த ஊர் மொழியிலும் பிசகில்லாமல் ஒரு தடவை கேட்டார். கீழ்மாடியில் பியானோ டீச்சர் வாசிப்பை நிறுத்தினாள். தரைத்தளத்து டாக்ஸிக்காரர் ஒரு கால் ஷூவும் ஒரு கால் சாக்ஸுமாக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டரம்மா மேலே ஏறிப் போய்விட்டார்.

நடுமாடிக்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. மகளின் பிரசவத்துக்காகக் கம்ப்யூட்டரம்மா வெளியூர் போயிருந்தபோது, தினமும் மேலே போய்ப் பூனைக்குச் சோறு வைத்தவள் அவள்தான். "பூனையைத் தவிர எதையும் தொடாதே" என்றார், தொடவில்லை. பூட்டு உடையவில்லை, ஜன்னல் திறக்கவில்லை. சாவி இருந்தது அவளிடம். யார் கேட்டாலும் அவளைத்தான் சொல்வார்கள்.

"வம்பு வேணாம், வேற வீடு பாத்துக்கலாம்" என்றான் புருஷன்.

"திருடிங்கற பேரோட நான் இந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன்."

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா சி.ஐ.டி. மேடம்."

அந்தப் பட்டம் அவளுக்கு அவன் கொடுத்ததுதான். விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் கவுண்ட்டரில் அவளுக்கு வேலை. அழுதுகொண்டு வருபவர்கள், மேஜையைக் குத்துபவர்கள் என எல்லா ரகத்தையும் பார்த்தவள். அங்கே அவள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெட்டி காணாமல் போனால் முக்கால்வாசி திருட்டே கிடையாது. யாரோ ஒருவர் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருப்பார்.

அன்று சாயங்காலம் மேலே கடிகாரம் அடித்தது. பழைய சுவர்க்கடிகாரம், அடித்தால் கூரை வழியாக இவர்கள் தலையில் அடிப்பது போலக் கேட்கும்.

"சனியன்" என்றான் புருஷன். "அந்தம்மா ஊருக்குப் போயிருந்தப்ப நின்னு போச்சுல்ல, அப்பாடான்னு தூங்கினேன். அவங்க வர்றதுக்குள்ளயே மறுபடி ஆரம்பிச்சுருச்சு."

அவள் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? சனியன்னு சொன்னேன்."

"அதில்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே அடிச்சுதா?"

அவளுக்கும் இப்போது ஞாபகம் வந்தது. மேலே போகும்போதெல்லாம் அந்தக் கடிகாரம் டிக் டிக் என்று கூடவே இருக்கும். நடுவில் ஒரு நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. பிறகு ஒரு நாள் மறுபடி ஓடியது. அதே நாளில்தான் பூனை சோற்றை மோந்து பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்ததுபோல நகர்ந்து போனது. பூனைக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் கவலைப்பட்டாளே தவிர, வேறு யோசனை ஓடவில்லை. சி.ஐ.டி. பட்டத்தை அன்றைக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

செருப்பைக்கூட மாட்டாமல் மேலே ஓடினாள். கதவு திறந்தது, ஆனால் அகலமாக இல்லை.

"ஆன்ட்டி, நீங்க ஊர்லேர்ந்து வந்தப்ப கடிகாரம் ஓடிட்டு இருந்துதா?"

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன?"

"ஒரு தடவை சாவி குடுத்தா எத்தனை நாள் ஓடும்?"

"ஒரு வாரம்..." என்று ஆரம்பித்த கம்ப்யூட்டரம்மா நிறுத்தினார். கணக்கு டீச்சருக்கு அதற்குமேல் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வீட்டில் இல்லாதது ஒரு மாசத்துக்கு மேல்.

"அப்ப நீ குடுத்திருப்பே."

"அந்தச் சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது ஆன்ட்டி."

கம்ப்யூட்டரம்மா திரும்பிப் பார்த்தார். அந்தச் சாவி இருப்பது தையல் டப்பாவுக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில். அது மட்டுமல்ல. அந்தக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருகித்தான் சாவி கொடுக்க வேண்டும். ரிப்பேர்காரனே ஒரு தடவை வழக்கமான பக்கம் திருகி ஸ்பிரிங்கைக் கெடுத்துவிட்டான். அந்த வித்தை தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவர் இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அந்தச் சாவி இருக்கற இடம் தெரிஞ்சவங்க வீட்டு ஆளாத்தானே இருக்கணும்? உங்க பையன்கிட்ட பழைய வாசல் சாவி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

அப்பாவின் சாவுக்கு நேரத்துக்கு வந்து சேராத மகன். "இந்த வாசப்படி மிதிக்காதே" என்று அன்றைக்கு அவனை அனுப்பியதோடு பேச்சு வார்த்தை அறுந்தது. அது கட்டடத்துக்கே தெரியும்.

"பூட்டை மாத்தணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார் கம்ப்யூட்டரம்மா. குழாயில் வாஷர் தேய்ந்தால் அன்றைக்கே மாற்றுகிறவர் அவர்.

"போன் பண்ணிக் கேளுங்க."

"என் வாயால கேக்க மாட்டேன்."

"அப்ப நான் கேக்கறேன். நம்பர் சொல்லுங்க."

கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்ட நம்பரை அந்த அம்மாள் ஒரு மூச்சில், ஒரு எண் தடுமாறாமல் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்பீக்கரில் வந்த குரல் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவன் மற்றதைச் சொன்னான். அம்மா ஊரில் இல்லை என்று தங்கை சொல்லியிருக்கிறாள். வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். "கடிகாரம் நின்னு போயிருந்துச்சு. அப்பா இருந்த வீட்ல அது நிக்கலாமா? மனசு கேக்கலைங்க. பூனை வேற காலைச் சுத்திச்சு, சோறு வெச்சேன். கேமரா... அப்பா எனக்குன்னு சொன்னது. இன்னொருத்தர் மேல பழி வரும்னு சத்தியமா தோணலை. திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடறேன்."

கம்ப்யூட்டரம்மா போனை வாங்கவில்லை. ஆனால் அது வைக்கப்படும்வரை அதன் பக்கமே குனிந்து நின்றார்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? நாளைக் காலையில் பியானோ டீச்சர் எதிரே வந்தால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"படியில நின்னு என்னைத் திருடின்னு சொன்னீங்க ஆன்ட்டி. அதே படியில நின்னு இல்லைன்னு சொல்லணும். ரெண்டு மொழியிலயும்."

"என் பிள்ளை திருடன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. "கேமராவை எடுத்தது ஒண்ணு நான், இல்ல உங்க பிள்ளைன்னுதானே இப்ப ஆச்சு? மூணாவதா ஒரு ஆள் இருந்தா சொல்லுங்க, நானும் சந்தோஷப்படுவேன்."

கம்ப்யூட்டரம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒவ்வொரு படிக்கும் முட்டி என்ன சொன்னதோ, முகத்தில் தெரிந்தது. அவளைத் தாண்டி, நடுமாடியைத் தாண்டி, கீழ்மாடியில் பியானோ டீச்சரின் கதவைத் தட்டினார். டாக்ஸிக்காரரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். யார் எந்த வருஷம் குடி வந்தார்கள், எந்தக் கதவுக்கு எப்போது கீல் மாற்றியது என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்து, அதனாலேயே கம்ப்யூட்டரம்மா என்று பெயர் வாங்கியவர், இந்த ஊர் மொழியில் தெளிவாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எடுக்கல. கேமராவை நானே என் மகனுக்குக் குடுத்தேன். குடுத்ததை மறந்துட்டேன். வயசாயிடுச்சு எனக்கு, இப்பல்லாம் எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல."

பியானோ டீச்சர் ஐயோ பாவம் என்று அவர் தோளைத் தொட்டாள். அந்தத் தொடுதலைக் கம்ப்யூட்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு மாடிப்படிப் பக்கம் அண்ணாந்து, "தமிழ்லயும் சொல்லணுமா?" என்றார்.

"வேணாம் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே, கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட அவள் வெறுங்காலோடு இறங்கி ஓடினாள்.